இதுக்குப் பேரு என்ன

புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு, கதிர், தளம். பெருவிரல் புள்ளி, ஆள்காட்டி விரல் கோடு, நடுவிரல் கோட்டுத்துண்டு, மோதிர விரல் கதிர், சுண்டுவிரல் தளம். வீட்டு வாசல்ல வண்டியை மிதிக்கும்போது பிடிச்ச பிடி, புளியங்குடி பஸ் ஸ்டாண்டு, எலுமிச்சங்கா மார்க்கெட்டு, பள்ளிக்கூட கேட்டு, மாடிப்படி, எங்கயும் விடாம சொல்லிச் சொல்லிக் கொண்டுவந்து சேத்துட்டேன். மார்க்கெட்டுல ஒரு லாரிக்காரன் காதுக்குள்ளயே ஹாரன் அடிச்சான், நடுவிரலு கொஞ்சம் ஆடிச்சு, திரும்பப் பெருவிரல்ல இருந்து ஆரம்பிச்சேன். மாடிப்படியில ட்ராயிங் மாஸ்டர் எதிர்ல வந்து என்னமோ கேட்டாரு, தலையை மட்டும் ஆட்டிட்டு வந்துட்டேன், ஆவுடையப்பனுக்குத் தலைக்கனம் ஏறிட்டுன்னு நினைச்சிருப்பாரு, நினைக்கட்டும். வாயைத் திறந்தா அஞ்சும் கொட்டிப் போயிரும். ஆறாம் வகுப்புக்கு இன்னைக்கு வடிவியல் ஆரம்பம். இத்தனை வருசமா நடத்துன பாடம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்னு நாலு பேரு முன்னால பீத்திக்கிட்ட பாடம். இன்னைக்கு அதோட அஞ்சு வார்த்தையை விரல் விரலா முடிஞ்சுக்கிட்டு வந்து நிக்கேன். ஒண்ணு கீழ விழுந்தாலும் குட்டு வெளிப்பட்டுரும். வெளிப்பட்டா ஒருத்தரும் திட்ட மாட்டாங்க, அதான் பயமே. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க சார்"னு தேனாப் பேசி வகுப்பை வாங்கிட்டு, கீழ ஸ்டோர் ரூம்ல சத்துணவு அரிசி மூட்டைக்குப் பக்கத்துல ஒரு நாற்காலியைப் போட்டு உக்கார வச்சிருவாங்க. நான் கரும்பலகை முன்னால நிக்கிற மனுசன். அதுல இருந்து இறக்கி விட்டுட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாது.

"வணக்கம் சா...ர்." எல்லாம் எந்திரிச்சு நிக்குது. உக்காருங்கன்னு வலது கையைக் காட்டுதேன், இடது கையில அஞ்சும் இருக்குல்லா. கடைசி பெஞ்சுக்குப் பின்னால சுவரோரமா எங்க ஹெட்மாஸ்டர் லீலா டீச்சர் உக்காந்திருக்காங்க, மடியில என்னோட கணக்குப் புத்தகம், கையில செல்போன். வகுப்பைப் பாக்க மேல உள்ளவங்க வந்தா வாத்தியார் தன் புத்தகத்தை அவங்க கையில குடுக்கணும், அது முறை, வந்ததும் வராததுமா நீட்டிட்டேன். நீட்டின பிறகுதான் உறைச்சுது, என்ன காரியம்டா பண்ணிட்டேன்னு. பிள்ளைய புத்தகம் எல்லாம் பைக்குள்ள கிடக்கு. கணக்கு பீரியடுல மேசை மேல புத்தகம் இருக்கக்கூடாதுங்கிறது நான் போட்ட சட்டம், யாரைச் சொல்ல. லீலா டீச்சர் சரித்திரம் நடத்துறவங்க, கணக்குன்னா காத தூரம் ஓடுவாங்க, ஆனா என் வகுப்புன்னா உக்காந்து ரசிப்பாங்க. "சார், நீங்கபாட்டுக்கு எப்பவும் போல நடத்துங்க, நான் வீடியோ எடுத்துக்கிடுதேன், அடுத்த மாசம் ட்ரெய்னிங்ல மத்த டீச்சர்மாருக்குப் போட்டுக் காட்டணும், நீங்கதான் வந்து விளக்கணும், பேரைக் குடுத்துட்டேன்"னு நேத்து சொல்லிட்டாங்க. மாட்டேன்னு சொல்ல ஒரு காரணம் வேணும்லா. உள்ள காரணத்தைச் சொல்ல முடியுமா. பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

எப்பவும் போல. எப்பவும் போலன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாது. போன வருசம் ஏழாம் வகுப்புல பின்னம் நடத்திக்கிட்டு இருக்கேன், கோட்டுக்குக் கீழ இருக்கிற எண்ணுக்குப் பேரு வரல. வாயைத் திறந்தது திறந்தபடி நிக்கேன். அத்தனை கண்ணும் என் மேல. என்ன செய்யன்னு தெரியாம அந்த எண்ணை விரலால தொட்டு, "பிள்ளைகளா, இதுக்குப் பேரு என்ன?"ன்னு கேட்டேன். "பகுதீ"ன்னு ஓடு பறக்கிற மாதிரி ஒரு சத்தம். பொழைச்சேன். அன்னையில இருந்து அதுதான் என் பொழைப்பு. தொடுவேன், கேப்பேன், அவங்க சொல்லுவாங்க, நான் தெரிஞ்ச மாதிரி தலையை ஆட்டுவேன். இது என்ன, அது என்ன, அதுக்கு அடுத்தது என்ன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், போட்டி போட்டுக்கிட்டுச் சொல்லுச்சுக. பார்வைக்கு வந்த ஒரு அதிகாரி, வாத்தியார் எதையும் தானாச் சொல்லாம மாணவர்களையே சொல்ல வைக்காருன்னு அப்படிப் புகழ்ந்துட்டுப் போனாரு. அதுக்கு வினாவழிக் கற்பித்தல்னு ஒரு பேரும் உண்டாம். என் சீக்குக்கு மாலை போட்டாங்க, நானும் கழுத்தை நீட்டினேன். ஆனா அந்த வித்தை எல்லாம் பிள்ளைகளுக்கு முன்னாடியே தெரிஞ்ச பாடத்துலதான் பலிக்கும். இன்னைக்கு நடத்தப்போறது புதுசு. இந்த அஞ்சு பேரையும் வடிவியல்ல இதுக இன்னும் கேள்விப்படல. நான் கேட்டா திருதிருன்னு முழிக்கும். நான் சொன்னாத்தான் இன்னைக்கு அது பேரு, நான் சொல்லலைன்னா இந்த அறையில அதுக்குப் பேரே கிடையாது.

பெருவிரல். சாக்பீஸை எடுத்து பலகையில ஒரு குத்து குத்துதேன். "இது புள்ளி." வந்துட்டு, முதல் வார்த்தை சுளுவா வந்துட்டு. "புள்ளிக்கு நீளம் கிடையாது. அகலம் கிடையாது. கனம் கிடையாது. ஒரு இடத்தை மட்டும் காட்டும்." முன் பெஞ்சுல ஷமீமா கையைத் தூக்குதா. இந்தப் பிள்ளைக்குக் கேள்வி கேக்காட்டா சோறு இறங்காது. "சார், நீங்க போட்டதுக்கு அகலம் இருக்கே சார்." "அது புள்ளி இல்ல பாப்பா, புள்ளி அங்க இருக்குங்கிறதுக்கு அடையாளம்." "அப்ப நிஜப் புள்ளி எப்படி இருக்கும் சார்?" "கண்ணுல படாது." "கண்ணுல படாததுக்கு எதுக்கு சார் பேரு?" எல்லாம் சிரிக்குது, லீலா டீச்சரும் சிரிக்காங்க, செல்போனை ஷமீமா பக்கம் திருப்புதாங்க. நான் அந்தக் குத்துக்குப் பக்கத்துல இங்கிலீசு எழுத்து 'ஏ'ன்னு எழுதுதேன். இன்னொரு குத்துப் போட்டு 'பி'ன்னு எழுதுதேன். புள்ளிக்குப் பேரு வைக்கிறது இப்படித்தான்னு சொல்லுதேன். எவ்வளவு எளுப்பமாப் பேரு வைக்கேன் பாரு. பேரைத் தவிர ஒண்ணுமே இல்லாத ஒரு சாமான், பேரு போனா அதுவும் போச்சு. எனக்கு நேர் எதிரா. எனக்கு சாமான் எல்லாம் அந்தந்த இடத்துல அப்படியே இருக்கு, தொட்டா தட்டுப்படுது, பேரு மட்டும்தான் ஒண்ணொண்ணா எந்திரிச்சுப் போவுது, சொல்லாமக் கொள்ளாம. புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு, கதிர், தளம். இருக்கு. பெருவிரல் வேலை முடிஞ்சிட்டு, மடக்கிக்கிடுதேன்.

திருநெல்வேலியில நான் போய்ப் பாத்த டாக்டர் பையன், என் பழைய மாணவன் வயசுதான் இருக்கும், ஒவ்வொரு படமா எடுத்துக் காட்டுனான். பூட்டுன்னேன். ஒட்டகம்னேன். ஒரு படத்தைக் காட்டுனான், தலை வாருறதுன்னேன். பேரு சொல்லுங்க சார்னான். மரத்துல செய்வாங்க, பிளாஸ்டிக்குல செய்வாங்க, வரிசையாப் பல்லு இருக்கும், எங்க வீட்டம்மா முடியைச் சுத்தி இதுலயே சொருகி வைப்பா, நான் சத்தம் போடுவேன்னேன். பேரு சார்னான். கையில வாரிக் காட்டினேன். அடுத்தது கப்பலை நிறுத்துறதுக்குத் தண்ணிக்குள்ள போடுறது, அடுத்தது டாக்டர்மாரு நெஞ்சுல வச்சுக் கேக்குறது, அவன் கழுத்துலயே தொங்குது, எனக்குப் பேரு வரல. அவன் பேனாவை வச்சுட்டு, "சார் என்ன வேலை பாக்கீங்க?"ன்னான். கணக்கு வாத்தியார்னேன். "அழகா வரையறை சொல்லுதீங்க சார்"னான், பாவம் அவனும் என்ன சொல்லுவான். பிறகு மெதுவா எடுத்துச் சொன்னான். இது வயசு மறதி இல்ல, முதல்ல பொருளோட பேரு போவும், பிறகு மனுசங்க பேரு, பிறகு பேச்சு. வேகம் ஆளுக்கு ஆளு மாறும். வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க, தனியா வராதீங்கன்னான். அந்தச் சீக்குக்கும் ஒரு பேரு சொன்னான், இங்கிலீசுல, நீளமா. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது அதுவும் போயிட்டு. பஸ்ல ஜன்னலோரமா உக்காந்து அழுதேன். பக்கத்துல இருந்தவரு தூசி விழுந்துட்டான்னு கேட்டாரு, ஆமான்னேன்.

ஆள்காட்டி விரல். ஏயையும் பியையும் சேத்து ஒரு கோடு இழுக்கேன், ஸ்கேல் இல்லாம, இழுத்தா நூல் பிடிச்ச மாதிரி நிக்கும், கை இன்னும் என்னோடதுதான். ரெண்டு பக்கமும் புள்ளியைத் தாண்டி விட்டு அம்புக்குறி போடுதேன். "இது கோடு. ரெண்டு பக்கமும் போய்க்கிட்டே இருக்கும், முடிவு கிடையாது." "பலகையைத் தாண்டியுமா சார்?" "பலகையைத் தாண்டி, சுவரைத் தாண்டி, சங்கரன்கோவிலைத் தாண்டி." சிரிக்குதுக. எனக்கும் கொஞ்சம் தெம்பு வருது. நடுவிரல். கீழ இன்னொண்ணு வரைஞ்சு ரெண்டு முனையையும் வெட்டி நிறுத்துதேன். "இதுக்கு இங்க ஆரம்பம், இங்க முடிவு. இது கோட்டுத்துண்டு." சொல்லிட்டேன், இவ்வளவு நீள வார்த்தையை நாக்கு தடுக்காமச் சொல்லிட்டேன். காலையில இட்லித் தட்டு முன்னால உக்காந்துக்கிட்டு, "ஏளா, அந்த இதைக் கொஞ்சம் ஊத்து"ன்னேன். "எதை, சாம்பாரையா சட்னியையா?"ன்னா வீட்டம்மா உலகம்மா. எதுன்னு எனக்குத் தெரியும், செவப்பா காரமா இருக்கிறது, பேருதான் இல்ல. "அந்த இதுதான்"ன்னேன். "உங்களுக்கு எது கேட்டாலும் இதுதான்"னு சிரிச்சுக்கிட்டே ஊத்துனா, சரியாத்தான் ஊத்துனா. நம்ம ஊர்ப் பேச்சுல அந்த இதை எடுத்து இதுல வை, அவன்கிட்ட அதைச் சொல்லி இது பண்ணுன்னு ஒரு நாள் பூரா ஓட்டிரலாம், ஒருத்தனும் சந்தேகப்பட மாட்டான். நான் ஒளிஞ்சுக்கிட இந்தப் பாஷையே இடம் குடுக்கு. அவளை நான் ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல, ஏளா, இங்க பாரு, இந்தா, அவ்வளவுதான். அவளும் என் பேரைச் சொல்ல மாட்டா, பிள்ளைங்க அப்பாங்கிறதோட சரி. எங்க வீட்ல பேரு புழக்கத்துலயே கிடையாது. குளிக்கப் போனா தண்ணியைத் திறந்துவிட்டுட்டு உலகம்மாள், உலகம்மாள்னு மெதுவாச் சொல்லிப் பாக்கேன், அவளுக்குக் கேட்டுரக் கூடாதேன்னு. என்னைக்காவது ஒரு நாள் அந்தப் பேரு போயிரும். போனது அவளுக்குத் தெரியவே தெரியாது.

மோதிர விரல். ஒரு புள்ளி வைக்கேன், 'ஏ'ன்னு எழுதுதேன். அதுல இருந்து ஒரே பக்கமா இழுத்து, முனையில அம்புக்குறி. "இதைப் பாருங்க. இதுக்கு ஆரம்பம் உண்டு. முடிவு கிடையாது. ஒரு பக்கமாவே போய்க்கிட்டு இருக்கும். இது..." இது. விரலைப் பாக்கேன். விரல் இருக்கு, மோதிரம் இருக்கு, கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம், கழட்ட வராது. வார்த்தை இல்ல. புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு, தளம். இல்ல, அஞ்சு இருந்துச்சு. புள்ளி, கோடு, கோட்டுத்துண்டு, அப்புறம் இது, அப்புறம் தளம். மாடிப்படியில இருந்துச்சு, இப்பகூட இருந்துச்சு, பெருவிரலை மடக்கும்போது இருந்துச்சே. எனக்கு இது நல்லாத் தெரியும். சூரியன்ல இருந்து வரும். வயல்ல நெல்லு முத்தினா தலை சாஞ்சு நிக்குமே, அதுக்கும் இதே பேருதான். எலக்‌ஷன் நேரத்துல சுவர்ல அரிவாள் பக்கத்துல வரைவாங்களே, அது. எதிர்வீட்டுக்காரர் பேரு இதுலதான் ஆரம்பிக்கும், அவரு மூஞ்சி தெரியுது, மூக்குல உள்ள மரு தெரியுது, அவரு பேரும் வர மாட்டேங்குது. எல்லாம் தெரியுதே, எல்லாமே தெரியுதே, நடுவுல இருக்கிற அந்த ஒண்ணைத் தவிர. தொண்டையில வந்து நிக்குது, க, காவோ கவோ, கம்பி, கயிறு, கதவு. கதவு இல்ல. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்து வீசுதேன், எல்லாம் வேற எதுக்கோ உள்ள பேரு. கோட்டை இன்னும் நீட்டுதேன், பலகை விளிம்பு வரைக்கும் நீட்டுதேன், திரும்பாம இருக்கணும், முகத்தைக் காட்டாம இருக்கணும். பலகை முடிஞ்சு போச்சு. சாக்பீஸ் கையில உடைஞ்சிட்டு. ஆண்டவனே, இப்ப மட்டும் குடு, இந்த ஒரு வார்த்தையை மட்டும் குடு, சாயந்திரம் திருப்பி எடுத்துக்க.

ஷமீமா பையில புத்தகம் இருக்கு. கொஞ்சம் எடு பாப்பான்னா எடுத்துருவா. கேக்கலாம். லீலா டீச்சர் பாப்பாங்க, செல்போன்ல பதிவாவும், ஆவுடையப்பன் புத்தகத்தைப் பாத்துப் பேரு சொன்னாரு, அதுவும் ஆறாம் வகுப்பு முதல் பாடத்துக்குன்னு. திரும்புதேன். சிரிக்கணும்னு சிரிக்கேன். "பிள்ளைகளா, இதுக்குப் பேரு என்ன?" வாய் பழக்கத்துல கேட்டுட்டேன். முழிக்குதுக. நான் நினைச்சபடியே முழிக்குதுக. "நீங்களே ஒரு பேரு வைங்க பாப்போம்." எங்க இருந்து வந்துச்சோ அந்தப் பேச்சு. அவ்வளவுதான், வகுப்பே பிச்சுக்கிட்டு. "அம்பு சார்." "ஒத்தைக்கால் கோடு சார்." "ராக்கெட்டு." "அரைக் கோடு சார், ஒரு பக்கம்தானே போவுது." இசக்கிராஜா எந்திரிச்சு, "திரும்பி வராத கோடு சார்"னான். எல்லாத்தையும் பலகையில எழுதுதேன், எழுதுற நேரமாவது மிச்சம், எழுதும்போது வந்துராதா, வந்துராதா. லீலா டீச்சர் எந்திரிச்சு நின்னு படம் பிடிக்காங்க, முகமெல்லாம் பூரிப்பு. எழுதி முடிஞ்சிட்டு. ஷமீமா கையைத் தூக்கல, நேராவே கேக்கா. "சார், இதெல்லாம் நாங்க வச்ச பேரு. நிஜப் பேரு என்ன சார்?" "அதானே சார்"னு பின்னால எல்லாம் கூடுது. நிஜப் பேரு என்ன, நிஜப் பேரு என்னன்னு மேசையைத் தட்ட ஆரம்பிச்சிட்டுக. இந்தச் சத்தத்துல இருந்த நாலும் ஆடுது. சுண்டுவிரலைப் பிடிச்சுக்கிடுதேன், வலது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிடுதேன்.

போதும். இதுக்கு மேல எனக்குத் தெம்பு இல்ல. ஒளிச்சு ஒளிச்சு என்ன கண்டேன், வீட்ல இதுன்னு ஒளிச்சேன், இங்க கேள்வின்னு ஒளிச்சேன், ஒருத்தருக்குமே தெரியாம நான் பாட்டுக்கு உள்ளுக்குள்ள காலியாகிக்கிட்டு இருக்கேன். ஸ்டோர் ரூம்ல உக்கார வைக்கட்டும். அரிசி மூட்டையை எண்ணச் சொல்லட்டும். யாராவது ஒருத்தர் தெரிஞ்சுக்கிட்டாப் போதும், யாராவது வந்து இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டாப் போதும். மேசையில சாஞ்சுக்கிட்டு நிக்கேன். "எனக்குத் தெரியல"ங்கேன். மேசைச் சத்தம் நிக்குது. "எனக்கு மறந்துட்டு. நிஜமாவே மறந்துட்டு பிள்ளைகளா. காலையில இருந்து சொல்லிக்கிட்டே வந்தேன், இப்ப இல்ல. யோசிச்சுப் பாத்துட்டேன், வரல." குரல் ஒடையுது, கண்ணுல தண்ணி முட்டுது, மறைக்கல, மறைக்கவும் தோணல. பிறகு இசக்கிராஜா, "சார் நடிக்காரு"ன்னான். கொல்லுன்னு ஒரு சிரிப்பு. "சார் சூப்பரா நடிக்காரு." பெஞ்சுல விழுந்து சிரிக்குதுக, ஷமீமாவும் வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கா. நான் லீலா டீச்சரைப் பாக்கேன், அவங்க பெரியவங்க, அவங்களுக்காவது தெரியும்லா. செல்போன் ஆடுது, சிரிப்பை அடக்க முடியாம ஒரு கையால கண்ணைத் துடைச்சுக்கிடுதாங்க. "சரி சரி, சாருக்கு மறந்துட்டாம், நம்ம சொல்லிக் குடுப்போமா?"ன்னு மடியில இருந்த என் புத்தகத்தைத் திறந்து, தாளைப் புரட்டி, கண்ணாடியை ஏத்திவிட்டுப் படிக்காங்க. "கதிர்." "கதிர்"னு வகுப்பு சொல்லுது. "இன்னொரு தடவை." "கதிர்." நானும் சொல்லுதேன், பிள்ளைகளோட பிள்ளையா, கதிர். வாயில நல்லாத்தான் இருக்கு.

லீலா டீச்சர் பெஞ்சு நடுவுல நடந்து முன்னால வாராங்க, பிள்ளைய சலசலன்னு பேசிக்கிட்டு இருக்குதுக. "சார், மறந்துட்டுன்னு சொன்னீங்கல்லா, அந்த இடம்தான் சார் உசிரு. ட்ரெய்னிங்ல அதை அப்படியே செஞ்சு காட்டணும், எல்லா டீச்சரும் அதைக் கத்துக்கிடணும்." "மேடம்"னேன். குரலைத் தாழ்த்தி, பிள்ளைகளுக்குக் கேக்காதபடி, "அது நடிப்பு இல்ல மேடம்." அவங்க என் தோள்ல லேசாத் தட்டுதாங்க. "அதான் சார் சொல்லுதேன், நடிப்புன்னே தெரியல." சொல்லிட்டு, செல்போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பின்பக்கமா நடந்து போய் உக்காருதாங்க. "அடுத்ததைச் சொல்லுங்க சார், பிள்ளைய காத்திருக்குல்லா." அடுத்தது. கதிர், கதிர், இதை இனிமே விட மாட்டேன். கதிர். சுண்டுவிரலைப் பாக்கேன். இவ்வளவு நேரம் இறுக்கிப் பிடிச்சதுல செவந்து போய் இருக்கு. அதுல ஒண்ணும் இல்ல. பலகைக்கு முன்னால போறேன், உள்ளங்கையை விரிச்சு அதுமேல வைக்கேன், வழவழன்னு குளிர்ச்சியா, நாலு பக்கமும் விரிஞ்சு போய்க்கிட்டே இருக்கிறது, இந்தச் சுவர், இந்தத் தரை, இந்த மேசை, எல்லாமே அதுதான். "பிள்ளைகளா, இதுக்குப் பேரு என்ன?" "தெரியாது சா...ர்." என்ன சந்தோசமாச் சொல்லுதுக. "எனக்கும் தெரியாது"ங்கேன். சிரிக்குதுக. நான் எப்ப சொல்லுவேன்னு எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க.